நிற்கும் திருமேனியும் நிறுத்தி வைத்த திருமேனியும்: சோழர் செப்புப் படிமத்தின் தரம் அறிய ஒரு வழிகாட்டி

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புப் படிமக் கூடத்துக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு திருமேனிக்குப் பத்து நொடி தருகிறார்கள். பெயர்ப்பலகையைப் படிக்கிறார்கள். 'சோழர் காலம்' என்றிருந்தால் தலையசைத்துவிட்டு அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு நகர்கிறார்கள். அங்கே இருப்பவை எல்லாமே பழையவை, எல்லாமே சாத்திரப்படி வார்த்தவை. ஆனால் எல்லாம் ஒரே தரம் இல்லை. ஓர் உமை நிற்கிறாள். பக்கத்துப் பெட்டியில் இன்னோர் உமையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்கக் கற்றுக்கொள்ள முடியும். சமஸ்கிருதமும் வேண்டாம், கலை வரலாற்றுப் பட்டமும் வேண்டாம். ஒரே ஒரு திருமேனி, நாற்பது நிமிடம், ஒரு பென்சில், கோடு போடாத தாள் நாலைந்து இருந்தால் போதும்.

கண்ணாடிப் பெட்டிகளில் நம் சட்டையின் நிழல்தான் முதலில் தெரியும். அடர்ந்த நிறச் சட்டை போட்டுக்கொண்டு போனால் பிரதிபலிப்பு குறையும். எழும்பூரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அரண்மனைக் கலைக்கூடம் இருக்கிறது. அங்கே உள்ள திருவெண்காட்டுத் திருமேனிகள் இரண்டை மட்டும் பார்க்கவே ஒரு முழு காலைப்பொழுதை ஒதுக்கலாம்.

எது விதி, எது கை

தரம் பார்ப்பதற்கு முன்னால், செய்தவருக்கு எது தரப்பட்டது, எதை அவர் தாமாகத் தீர்மானித்தார் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் பாராட்டினால் சாத்திரத்துக்குச் சேர வேண்டிய பாராட்டை ஸ்தபதிக்கும், ஸ்தபதிக்குச் சேர வேண்டியதைச் சாத்திரத்துக்கும் கொடுத்துவிடுவோம்.

அளவு விதி. உத்தம தச தாளம் என்றால் உருவத்தின் உயரத்தை 124 அங்குலமாகப் பகுக்க வேண்டும். சிவன், திருமால், பிரமன் ஆகியோருக்கு இந்தக் கணக்கு. தேவியருக்கு மத்திம தச தாளம், 120 பகுதி. அவர்களுக்கும் கீழ்நிலைத் தெய்வங்களுக்கு 116. இந்த அங்குலம் அளவுகோலில் உள்ள அங்குலம் இல்லை. உருவம் ஒரு சாண் இருந்தாலும் ஓர் ஆள் உயரம் இருந்தாலும் அதன் உயரத்தில் 124இல் ஒரு பங்குதான் அதன் அங்குலம். சுவாமிமலையில் இன்றும் தென்னங்கீற்றை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து இந்தப் பகுதிகளைக் குறித்துக்கொள்கிறார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். கையில் எது இருக்க வேண்டும், எந்தக் காதில் தோடு, எந்தக் காதில் குழை, மகுடம் சடையா, அடுக்கடுக்காகக் குறுகும் கரண்டமா என்பதும் விதி. நிற்கும் நிலையும் விதி: நேராக நின்றால் சமபங்கம், இலேசாக வளைந்தால் அபங்கம், கழுத்து, இடுப்பு, முழங்கால் என மூன்று இடத்தில் வளைந்தால் திரிபங்கம்.

எவ்வளவு வளைய வேண்டும் என்று நூல் சொல்லும். அந்த வளைவு விலாவிலிருந்து இடுப்புக்கு எப்படி வழிந்து இறங்க வேண்டும் என்று எந்த நூலும் சொல்லாது. இடுப்பின் அகலத்தை நூல் தரும். ஒட்டியாணத்துக்கு மேலே வயிற்றுச் சதை எந்த அளவு மேடிட வேண்டும் என்பது கையின் முடிவு. ஆகவே பார்க்க வேண்டிய இடங்கள் அளவுகளுக்கு இடையில் உள்ள இடங்கள்: ஓர் உறுப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்கள். நல்ல படிமமும் சாதாரணப் படிமமும் அங்கேதான் பிரிகின்றன.

மெழுகைப் பற்றிக் கொஞ்சம்

பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தால் கண் கூர்மையாகும். சோழர் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் செய்தவை. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து, இளக்கத்துக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காய்ச்சிய கலவையில் முதலில் முழு உருவத்தையும் செய்வார்கள். குங்கிலியம் கூடினால் மெழுகு உடையும். எண்ணெய் கூடினால் சென்னை வெயிலுக்கே விரல் தொங்கிப்போகும். உருவம் முடிந்ததும் ஆற்று வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசுவார்கள். காவிரி வண்டல் மிக நுண்ணியது என்பதால் மெழுகில் இருக்கும் நகக்கீறல்கூட மண்ணில் பதியும். அது நிழலில் காய்ந்த பிறகு வயல் களிமண்ணும் மணலும் கலந்த கனமான பூச்சுகள். பெரிய உருவமாக இருந்தால் இரும்புக் கம்பி கட்டி இறுக்குவார்கள். பின் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம் போகும். ஒரு மெழுகுக்கு ஒரு திருமேனிதான். வார்ப்பு கெட்டால் மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

வார்ப்பு கெடுவதற்குக் காரணங்கள் பல. மண் கட்டில் ஈரம் இருந்தால் கொதிக்கும் உலோகம் பட்டதும் நீராவி கிளம்பி வெடிக்கும். கட்டைப் போதுமான அளவு சூடாக்காமல் ஊற்றினால் உலோகம் வழியிலேயே உறைந்து விரல் நுனிகள் நிரம்பாது. காற்றுப் போக வழி விடாவிட்டால் முதுகிலோ தோளிலோ அம்மைத் தழும்புபோலக் குழிகள் விழும். பழைய திருமேனிகளில் செம்போடு வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்திருக்கின்றன. காரீயம் சேர்ந்த உலோகம் நன்றாக ஓடும், நுண்ணிய இடங்களுக்கும் போகும்.

இதில் பார்ப்பவருக்கு உதவும் விஷயம் ஒன்று உண்டு. சோழர் காலத்து நல்ல வேலையில் நுணுக்கங்களைப் பெரும்பாலும் மெழுகிலேயே முடித்திருக்கிறார்கள். வார்த்த பிறகு உளி போட்டது குறைவு. பிற்காலத்தில் உளி வேலை கூடிக்கொண்டே வந்தது. இதை நேரில் கண்டுபிடிக்கலாம். மார்பில் குறுக்கே ஓடும் முப்புரிநூலை நெருங்கிப் பாருங்கள். மெழுகில் செய்த நூல் உருட்டி ஒட்டிய திரிபோல இருக்கும். அதன் விளிம்பு உருண்டை. தோளைத் தாண்டும்போது இறுகி, மார்பின் மேட்டில் ஏறும்போது விரிந்து, கீழே இறங்கும்போது சற்றுத் தளர்ந்து ஓடும். உளியால் வெட்டிய நூலின் இருபுறமும் கூரான பள்ளம் இருக்கும், குறுக்கே வெட்டினால் முக்கோணமாகத் தெரியும் பள்ளம். அந்தக் கோடு மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே தடிமனில் போகும். முதலாவது நூல் உடம்பின்மேல் கிடக்கிறது. இரண்டாவது, உலோகத்தின்மேல் போட்ட கோடு. இந்த ஒரு சோதனையை மட்டும் பழகிக்கொண்டாலும் அருங்காட்சியகத்துக்குப் போன காரியம் வீண்போகாது.

நாற்பது நிமிடம்

பெயர்ப்பலகையைப் படிக்காதீர்கள். படித்துவிட்டால் கண் அதை உறுதிசெய்யப் போகுமே தவிரப் பார்க்காது. நின்ற கோலத்தில் உள்ள ஒரு திருமேனியைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறைக்கு உமையோ, பரிவாரத் தேவியரில் ஒருவரோ நல்லது. நடராசரைப் பிறகு பார்க்கலாம், அவரிடம் கவனிக்க வேண்டியது அதிகம்.

திருமேனியின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தள்ளி நில்லுங்கள். மூன்றடிப் படிமத்துக்கு ஒன்பதடி. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நகை, முகம் எல்லாம் மறைந்து உருவரை மட்டும் தெரியும். அதை ஒரே வீச்சில் தாளில் வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. கை எங்கே தயங்குகிறது என்று கவனித்தால் போதும். நல்ல படிமத்தின் உருவரை தோளிலிருந்து குதிகால் வரை பென்சிலை எடுக்காமலே போக விடும். சாதாரணமானது முழங்கையில் ஒரு தரம், இடுப்பில் ஒரு தரம் என்று நம்மை நிறுத்தும்.

அடுத்தது எடை. முழுச் சோதனையிலும் முக்கியமானது இதுதான், அவசரப்படாதீர்கள். பென்சிலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டாற்போல ஒரு கண்ணுக்கு நேராகப் பிடித்து, அதன் மேல்முனையைத் தொண்டைக்குழிக்கு நேராக வையுங்கள். கீழே அந்தக் கோடு எங்கே விழுகிறது? திரிபங்கத்தில் ஒரு கால்தான் உடலைத் தாங்கும், மற்றது ஓய்வில் இருக்கும். தொண்டைக்குழிக்கு நேர் கீழே, தாங்கும் காலின் கணுக்கால் அருகே அந்தக் கோடு விழ வேண்டும். இரண்டு காலுக்கும் நடுவில் விழுந்தால், உடல் வளைந்திருக்கிறது, எடை மட்டும் இடம் மாறவில்லை என்று பொருள். பூங்கொம்பை வளைத்து நட்டதுபோல் இருக்கும்.

இதைச் சொந்த உடம்பில் செய்து பார்த்தால் உடனே விளங்கும். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று முழு எடையையும் இடது காலில் போடுங்கள். இடது இடுப்பு வெளியே தள்ளி மேலே ஏறும். இடது தோள் தானாகக் கீழே இறங்கும். வலது முழங்கால் தளர்ந்து முன்னால் மடியும். தலை விழாமல் இருக்கக் கழுத்து எதிர்ப்பக்கம் திரும்பும். இந்த நான்கும் ஒன்றுக்கொன்று பதில் சொல்பவை. திருமேனியில் இவை நான்கும் நடக்கின்றனவா? இடுப்பு சாய்ந்தும் இரண்டு தோளும் தராசுத்தட்டுபோலச் சமமாக இருந்தால் அங்கே ஒரு பதில் வரவில்லை. ஓய்வுக் காலின் தொடையும் தாங்கும் காலின் தொடையும் ஒரே இறுக்கத்தில் இருந்தால் இன்னொரு பதில் வரவில்லை. சாதாரண வேலையில் இப்படித்தான் இருக்கும்: ஒவ்வோர் உறுப்பும் சரியாக இருக்கும், ஒன்றுக்கு நேர்ந்தது இன்னொன்றுக்குத் தெரிந்திருக்காது.

எடைக்கு மிகச் சிறந்த பாடம் தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு இடப வாகனர். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு இந்தத் திருமேனியைக் குறிக்கிறது. தேவி அடுத்த ஆண்டில் சேர்ந்தார். சிவன் காளைமேல் கையை ஊன்றி, ஒரு காலை மறுகாலுக்குக் குறுக்கே போட்டு நிற்கிறார். காளை இப்போது இல்லை. கை வெறும் காற்றின்மேல் இருக்கிறது. ஆனாலும் காளையின் முதுகு எவ்வளவு உயரம், அவர் எவ்வளவு சாய்ந்திருந்தார் என்று அந்தத் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் இன்னமும் சொல்கின்றன. பத்து நிமிடம் நின்று பார்த்தால் அங்கே காளை இருக்கும். தாங்கு பொருளை எடுத்துவிட்ட பிறகும் சாய்வு பொய்யாகாமல் இருப்பது எளிதில் கைவராத சாதனை. தலையில் பாம்புகளைப் போலச் சுற்றிய சடையைப் பலரும் பாராட்டுகிறார்கள், அது பாராட்ட வேண்டியதுதான். ஆனால் இந்தத் திருமேனியின் பெருமை அந்தக் கையில் இருக்கிறது.

இனிப் பக்கவாட்டுக்கு வாருங்கள். முன்னாலிருந்து நன்றாகத் தெரியும் படிமங்களில் பாதி இங்கேதான் தோற்கும். மார்பு காற்றை உள்ளே இழுத்து நிறுத்தியதுபோல நிரம்பியிருக்க வேண்டும். வயிறு இறுகிய தசைக் கட்டாக இல்லாமல், மூச்சுவிடும் வயிறாக, வயிற்றைச் சுற்றிய பட்டையான உதரபந்தத்துக்குக் கீழே இலேசாகத் தளர்ந்திருக்க வேண்டும். தட்டையான பலகையில் மார்பும் முகமும் ஒட்டியதுபோலப் பக்கவாட்டில் தெரிந்தால், செய்தவர் முன்பக்கத்தை மட்டுமே நினைத்திருக்கிறார்.

பின்பக்கம் போக வழியிருந்தால் கட்டாயம் போங்கள். இவை உலாத்திருமேனிகள். வீதியில் எழுந்தருளும்போது முன்னால் நிற்பவர்களோடு பின்னால் நடப்பவர்களும் உண்டு. என்றாலும் பட்டும் மாலையும் சாத்திய பிறகு முதுகு யாருக்கும் தெரியாது. தெரியாது என்று தெரிந்தும் முதுகுத்தண்டின் பள்ளத்தை, தோளில் விழும் சுருள்களை, தலைக்குப் பின்னாலுள்ள சிரச்சக்கரத்தை, ஆடை முடிச்சை எப்படிச் செய்திருக்கிறார் என்று பாருங்கள். இடுப்புப் பள்ளத்தில் ஆடையின் மடிப்பு உடலோடு சேர்ந்து உள்ளே போகிறதா, மேலே தாண்டிப் போகிறதா?

கைகளுக்குச் சில நிமிடம். பழைய நூல்கள் உறுப்புகளை உவமையால் சொல்லும்: கை யானைத் துதிக்கை, தொடை வாழைத்தண்டு, மூக்கு எள்ளுப்பூ, விரல் காந்தள். வெறும் வர்ணனை என்று இதைத் தள்ளிவிடக் கூடாது, இதுவே ஒரு தரக்குறிப்பு. துதிக்கைக்கு மூட்டு கிடையாது. தோளிலிருந்து நுனி வரை ஒரே ஒழுக்காகச் சிறுத்துக்கொண்டே போகும், ஆனால் எந்த இடத்திலும் வலு குறையாது. உமையின் தொங்கும் இடக்கையை இந்த உவமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழங்கையில் குழாயை வளைத்ததுபோல் ஒரு முடிச்சு தெரிந்தால் உவமை கைகூடவில்லை. வலக்கையில் கடக முத்திரை இருக்கும். அர்ச்சகர் புதுப்பூ செருகுவதற்காக விரல்களுக்கு நடுவே விட்ட இடம் அது. பூ இல்லாத நேரத்திலும் அந்த விரல்கள் மென்மையான ஒன்றைப் பிடித்திருப்பதுபோல் இருக்கின்றனவா, மடக்கி வைத்தவைபோல் இருக்கின்றனவா? எழும்பூரில் உள்ள வடக்குப்பனையூர் இராமரின் கையிலும் வில் இல்லை. பிடி மட்டும் இருக்கிறது. அதே குழுவில் உள்ள அனுமனின் குனிந்த முதுகையும் பார்த்துவிடுங்கள். பணிவு அங்கே முகத்தில் இல்லை, முதுகில் இருக்கிறது.

முகத்தைக் கடைசியில் பாருங்கள். நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகமும் தேய்ப்பும் பட்டு முகம்தான் முதலில் மழுங்கும். மழுங்கியதைப் பிற்காலத்தார் உளியால் மீண்டும் கீறியிருப்பார்கள். ஆகவே நீங்கள் பார்க்கும் கண்ணும் உதடும் முதல் ஸ்தபதியின் கை இல்லாமல் இருக்கலாம். உடல் மென்மையாகத் தேய்ந்திருக்க, கண்ணிமைக் கோடு மட்டும் நேற்று வெட்டியதுபோல் கூராக இருந்தால் சந்தேகப்படுங்கள். முகத்தைத் தனியாக எடைபோடாமல், உடல் செய்வதற்கு முகம் ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள்.

இப்போது பெயர்ப்பலகையைப் படிக்கலாம்.

கடினமான இரண்டு

நடராசரிடம் ஒரே காலில் முழு எடையும் இருக்கிறது, உடல் வேகமாகச் சுழல்கிறது, முகம் அசையவில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் நிகழ வேண்டும். எழும்பூரில் உள்ள திருவாலங்காட்டு நடராசருக்குச் சுற்றிலும் நிற்கும் சுடர் வளையமான திருவாசி இல்லை, விரிந்த சடையும் இல்லை. இழப்புதான், ஆனால் கற்றுக்கொள்பவருக்கு அதில் ஒரு வசதி உண்டு: மறைக்க எதுவும் இல்லாமல் உடலின் சமநிலை அப்படியே தெரிகிறது. நடுத்தலையிலிருந்து தொப்புள் வழியாக ஊன்றிய காலுக்கு மனதில் ஒரு கோடு இழுங்கள். பிறகு தூக்கிய இடக்காலை உங்கள் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். கால் இல்லாமலும் உடல் திரும்பிக்கொண்டே இருந்தால் சுழற்சி இடுப்பிலிருந்து பிறக்கிறது. நின்றுபோனால் ஆட்டம் காலில் மட்டும்தான் இருந்தது. குறுக்கே வீசிய இடக்கைக்கும் தூக்கிய காலுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தின் வடிவத்தையும் வரையுங்கள். நல்ல படிமத்தில் வெற்றிடமும் வார்த்ததுபோல் திட்டமாக இருக்கும். கடைசியாக, காலடியில் கிடக்கும் முயலகன்: பாதம் அவன்மேல் அழுந்துகிறதா, சும்மா வைத்திருக்கிறதா?

பிரெஞ்சுச் சிற்பி ரோடேன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை அருங்காட்சியக நடராசரின் புகைப்படங்களை வைத்துக்கொண்டு 1913 வாக்கில் எழுதிய குறிப்புகள் 1921இல் அச்சாயின. சைவ சித்தாந்தம் அறியாதவர் அவர். மேடு, பள்ளம், நிழல் என்று உடலைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே போனார். தத்துவம் தெரிந்த பிறகுதான் நடராசரைப் பார்க்கலாம் என்று தயங்குகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். உடுக்கை படைப்பு, தீ அழிப்பு என்ற விளக்கம் எல்லா நடராசருக்கும் பொதுவானது. மோசமான வார்ப்புக்கும் அது அப்படியே பொருந்தும். ஆகவே அதை வைத்துத் தரம் சொல்ல முடியாது.

திருவெண்காட்டு அர்த்தநாரியும் எழும்பூரில்தான் இருக்கிறார். வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரு கை. வலத்தொடையில் குட்டையான ஆடை, இடக்காலில் கணுக்கால் வரை நீண்ட ஆடை. இரண்டு வேறு உடல்களை நடுவில் ஒட்டுவது யாராலும் முடியும். ஒட்டு தெரியாமல் ஒரே முதுகெலும்பில் இரண்டையும் நிறுத்துவதுதான் கடினம். நெற்றியிலிருந்து தொப்புள் வரை நடுக்கோட்டில் மெதுவாக இறங்குங்கள். ஆண் பக்கம் முடிந்து பெண் பக்கம் தொடங்கும் இடத்தை எத்தனை முறை தேடினாலும் கண்ணால் நிறுத்திச் சொல்ல முடியவில்லை என்றால், ஸ்தபதி வென்றுவிட்டார்.

ஏமாற்றும் அடையாளங்கள்

பச்சைக் களிம்பு தரத்துக்குச் சாட்சி இல்லை. மண்ணுக்குள் கிடந்ததற்குச் சாட்சி, அதுவும் சில வேளைகளில் அமிலம் பட்டதற்கு. பூசையில் தொடர்ந்து இருந்த திருமேனி களிம்பு பிடிக்காமல் வழவழப்பாகவே இருக்கும்.

நகை வேலையின் நெருக்கமும் அப்படித்தான். நகை கூடக்கூடக் காலம் பிந்தியது என்று பொதுவாகச் சொல்லலாம், தரம் கூடியது என்று சொல்ல முடியாது. விசயநகர காலத்துப் படிமங்களில் மூக்கு கூராகும், முழங்காற்சிப்பி தனி வட்டமாகத் துருத்தும், நகை உடலை மூடும். செம்பியன் மாதேவியார் காலத்து, அதாவது 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வேலையில் நகை உடலுக்கு அடங்கி இருக்கும். ஒரு வளையல் கையைச் சுற்றியிருக்கும்போது, அதன் கீழே சதை இலேசாக அமுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஐம்பொன்னில் தங்கம் எவ்வளவு என்பதும் கலைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. உயரமும் அப்படியே. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த திருமேனிகளைக் கல்வெட்டில் பாதாதி கேசாந்தம், அதாவது பாதம் முதல் கேசம் வரை, முழம், விரல், தோரை என்று அளந்து, எத்தனை கை, கெட்டியா உள்ளீடற்றதா என்பது வரை பொறித்து வைத்தார்கள். அது கோயில் சொத்துக் கணக்கு, கச்சிதமான கணக்கு. நாம் பார்ப்பது அந்தக் கணக்கில் அடங்காததை.

கோயிலில் இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டாம். அங்கே இருப்பவர் சுவாமி, தரம் பிரிக்கும் இடம் அது இல்லை. மேலும் அலங்காரத்தில் முகமும் பாதமும் தவிர ஒன்றும் தெரியாது. சிவபுரம் நடராசரை 1950களில் செப்பனிடக் கொடுத்தபோது திரும்பி வந்தது நகல். ஆண்டுக்கணக்கில் அந்த நகலுக்கே பூசை நடந்தது. அசல் அமெரிக்காவில் கலைப்பொருள் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனிடம் போய் 1986இல்தான் நாடு திரும்பியது. மாலைக்கும் பட்டுக்கும் அடியில் இருக்கும் உடலை நாம் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம் என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டாம். திருமஞ்சனம் நடக்கும் சில நிமிடங்கள் மட்டும் விதிவிலக்கு. பால் தோளில் விழுந்து மார்பின் மேட்டில் பிரிந்து இடுப்புப் பள்ளத்தில் ஒன்றுகூடி இறங்கும்போது, உடலின் ஒழுக்கு எங்கே தடைபடுகிறது, எங்கே படவில்லை என்பது தானாகத் தெரியும்.

இன்றைய வேலையை வாங்குகிறவர்களுக்கு

சுவாமிமலையில் பட்டறைக்கே போய் வாங்குங்கள். முதலில் திருமேனியைப் புரட்டிப் பீடத்தின் அடியைப் பாருங்கள். அடியில் கரடும் முரடுமாக இருந்தால் குற்றமில்லை. மெழுகும் குங்கிலியமும் தண்ணீர் அளவு கனம்தான், வெண்கலம் அதைப்போல் ஒன்பது மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆகவே கெட்டி வார்ப்பின் எடை, அதன் மெழுகு உருவின் எடையைப் போல் எட்டு ஒன்பது மடங்கு இருக்கும். ஓரடிப் படிமத்தைத் தூக்கும்போது கை எதிர்பாராமல் கீழே போக வேண்டும். உள்ளீடற்றது தட்டினால் மணிபோல் ஒலிக்கும். அது தரக்குறைவு என்று அர்த்தமில்லை, கெட்டி என்று சொல்லி விற்றால்தான் தவறு.

உடலின் இரு பக்கவாட்டிலும் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய தழும்புக்கோடு ஓடினால் அது இரண்டு பாதி அச்சில் எடுத்த வார்ப்பு. ஒரே அச்சில் நூறு எடுத்திருப்பார்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவே, சடைச் சுருள்களுக்கு அடியே, விரல்களுக்கு இடையே குனிந்து பாருங்கள். மெழுகு வார்ப்பில் அந்த இடங்கள் திறந்திருக்கும். அச்சு வார்ப்பில் உலோகம் அடைத்துக்கொண்டு, மேலே கோடு மட்டும் கீறியிருக்கும்.

பிறகு பட்டறைத் தரையிலேயே வைத்துவிட்டு அதன் உயரத்தைப் போல மூன்று மடங்கு தள்ளி நின்று, பென்சிலை எடுத்துத் தொண்டைக்குழிக்கு நேராகப் பிடியுங்கள். ஸ்தபதி பார்த்துக்கொண்டிருப்பாரே என்று கூச்சப்பட வேண்டாம். வேலை தெரிந்தவராக இருந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அவருக்குப் புரியும். உள்ளே போய், விற்கக் கொடுக்காமல் வைத்திருக்கும் இன்னொன்றை எடுத்து வருவார்.